ஏழாவது கட்டில்

ஜைத்தூன் பீவி வீட்டு வாசற்காலில் யாரோ வெள்ளை மண்ணால் மூன்று விரல் இழுத்திருந்தார்கள். கார்த்திகை மாதத்துக் காலை, விடிந்தும் விடியாத மழை வெளிச்சம், தெரு முழுக்க ஈரச் சாணியும் பட்டறைச் சூளைப் புகையும் கலந்த வாடை. பால் வாங்கக் கையில் செம்போடு போன பழமலை மேஸ்திரி அந்த வாசலைத் தாண்டி நாலடி போய்விட்டு, திரும்பி வந்து குனிந்து பார்த்தார். சாரல் அடித்து மரமெல்லாம் ஊறிக் கிடந்தும் குறி மட்டும் கரையாமல், அந்த நிமிஷம்தான் போட்டது போலப் பளபளத்தது.

இந்த வீட்டில் இனி யாரும் இல்லை என்று அந்தக் குறிக்கு அர்த்தம்.

உள்ளே ஜைத்தூன் பீவி இருமிக்கொண்டிருந்தார்.

குறிக்கு அந்த அர்த்தத்தைக் கொடுத்தவரே பழமலைதான். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பார்சல் கட்டும் பகுதிக்கு அவர் மேஸ்திரி. ஊறுகாய் ஜாடியோ கப்பு சாசரோ, வைக்கோல் வைத்து அடுக்கிச் சரிபார்த்த மரப்பெட்டியின் மேல் வெள்ளை மண் குழம்பில் மூன்று விரலைத் தோய்த்து ஓர் இழுப்பு இழுத்துவிடுவார்கள். குறி விழுந்த பெட்டியை அப்புறம் யாரும் திறக்கக் கூடாது. திறந்தால், குறி போட்டவனை மூஞ்சிக்கு நேரே பொய்யன் என்று சொன்னதாக ஆகும். இந்த விஷயத்தில் மனஸ்தாபமாகி, பட்டறையில் இரண்டு பேர் பத்து வருஷமாக முகம் பார்த்துக்கொள்வதில்லை, இத்தனைக்கும் சம்பந்திகள்.

மறுபடி வெள்ளம் வந்தால் நடக்க முடியாதவர்களை எப்படிக் கொண்டுபோவது என்று அந்த அறுபத்தொன்பதாம் வருஷம் பழமலை ஒரு திட்டம் போட்டபோது, இந்த வழக்கத்தையே ஆற்றோரத் தெருவுக்கும் கொண்டுவந்தார். தானாக எழுந்து நடக்க முடியாதவர்கள் தெருவில் ஏழு பேர். ஆளுக்கொரு கயிற்றுக் கட்டில். தூக்குவதற்கு நாலு நாலு பேராக மூன்று அணி. போய்ச் சேரும் இடம் மேட்டிலிருக்கும் பட்டறைச் சூளைக் கொட்டகை. ஆளை வெளியே எடுத்ததும் வாசற்காலில் மூன்று விரல் இழுத்துவிட வேண்டும். பின்னால் வரும் அணி அங்கே நின்று நேரத்தை வீணாக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தூக்குகிறவர்கள் எல்லோரும் பட்டறை ஆட்கள் என்பதால் இதைச் சொல்லிக்கொடுக்கும் வேலைகூட இருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையும் நடந்தது. ஜைத்தூன் பீவிக்குக் கண் தெரியாது, கால்களும் நீர் கோத்து வீங்கியவை. கட்டிலில் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்துகொண்டு, கடந்துபோன ஒவ்வொரு வீட்டிலும் என்ன குழம்பு கொதிக்கிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்லிக்கொண்டே போனார். விரதம் என்று சொல்லியிருந்த ஒரு வீட்டில் கருவாடு என்று சொல்லிவிட்டார். அந்தச் சண்டை கார்த்திகை வரை நடந்தது.

போன வருஷத்து வெள்ளத்தைப் பற்றி மட்டும் ஒத்திகையில் யாரும் வாய் திறக்கவில்லை. அதைப் பழமலை இல்லாத இடத்தில்தான் தெரு பேசும். காத்தவராயன் என்று ஒருவன் தெருக்கோடியில் தனியாக இருந்தான். சூளைக்கு விறகு போட்டவன். சுவர் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய், இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் அறைந்து அறைந்து உடம்பை இழுத்துக்கொண்டுதான் வாசல் வரை வருவான். வெள்ளத்தன்று அவன் வாசலில் நின்று பழமலை ஒரு தடவை கூப்பிட்டார். பிறகு தெருப் பக்கம் திரும்பி, "அவன யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க, வூடு காலி" என்று குரல் கொடுத்தார். மேஸ்திரியே சொன்ன பிறகு யார் உள்ளே போய்ப் பார்ப்பார்கள்? மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது காத்தவராயனையும் காணோம், அவன் படுத்த கட்டிலையும் காணோம். மணிமுத்தாறு இரண்டையும் வைத்துக்கொண்டது.

அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தத் திட்டம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது பழமலைக்கும் தெரியும். அதனால்தான் பட்டியலில் ஏழாவதாக, எல்லோருக்கும் கடைசியில், தன் மனைவி கமலத்தின் பெயரை எழுதினார். ஒரு காய்ச்சலில் இரண்டு காலும் மரத்துப்போய் ஆறு வருஷமாக அவள் கட்டிலோடு இருந்தாள். பெண்டாட்டிக்காகத் திட்டம் போட்டான் என்று தெரு சொல்லிவிடக் கூடாதே என்று, அவளைத் தூக்கும் பொறுப்பைத் தங்கராசு அணிக்குக் கொடுத்துவிட்டு, தனக்குப் பட்டியலில் முதலாவதாக இருந்த, தெருவின் அந்தக் கோடி ஜைத்தூன் பீவியை வைத்துக்கொண்டார். தெரு அப்போதும் விடவில்லை. பெண்டாட்டி மேல் அவ்வளவுதான் பாசம் என்றது.

பழமலை வாசலில் நின்றபடியே கேட்டார். "பீவிம்மா, இந்தக் குறிய யாரு போட்டது?"

"நீங்கதான தம்பி? கருக்கல்ல வாசல்ல கை தேய்க்கற சத்தம் கேட்டுச்சு. யாரு மேஸ்திரியான்னேன். பதிலு இல்ல. சரி, திரும்பவும் ஒத்திகையாட்டம் இருக்குதுன்னு வுட்டுட்டேன்."

"நான் இல்லைங்களே."

"அப்ப நான் இங்க இருக்கேனா, போயிட்டேனா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு தெரியாது."

அவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார். பழமலை துண்டை நனைத்துக் குறியைத் துடைத்தார். நாலு தடவை அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்து முடித்து நிமிர்ந்தபோதுதான், இவ்வளவு நேரமும் தான் குனிந்தே இருந்தோம் என்பது உறைத்தது. குறி முழங்கால் உயரத்தில் இருந்தது. நின்றுகொண்டு யாரும் அந்த உயரத்தில் குறி போட மாட்டார்கள்.

பிள்ளைகள் விளையாட்டாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு பால் வாங்காமலே வீட்டுக்கு வந்தார்.

மழை விடவில்லை. மங்கலம்பேட்டை பஸ் நின்றுபோனது, ஸ்ரீமுஷ்ணம் பக்கம் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அடுத்த நாள் குறி இல்லை. அதற்கு அடுத்த நாள் இரண்டாவது வீட்டில் இருந்தது. பிறகு ஒரே காலையில் இரண்டு வீடுகள். பட்டியல் பழமலையின் சட்டைப் பையிலேதான் இருந்தது, யாரும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளவில்லை. ஆனாலும் குறி அந்த வரிசையிலிருந்து ஒரு வீடுகூடத் தப்பாமல் தெருவில் மேலே ஏறி வந்தது. எல்லாம் முழங்கால் உயரத்தில். அவர் விடியுமுன் எழுந்து ஈரத் துண்டோடு தெருவில் நடந்தார். பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மேஸ்திரி எந்த வீட்டு வாசலில் என்ன தேடுகிறார் என்று தனக்குத் தோன்றியதை நாலு வீட்டில் சொல்லி வைத்தாள். தோன்றியது நல்லதாக இல்லை.

"துண்டெல்லாம் வெள்ள வெள்ளையா இருக்குது. பட்டறையில மொகத்துக்கு மண்ணா பூசறீங்க?" என்றாள் கமலம்.

"கை தொடைச்சது."

"ம். அது போவட்டும், விடியக்காலம் நம்ம வூட்டாண்ட ஏதோ போவுதே, உங்களுக்குக் கேக்கல? சளப்புன்னு ஒரு சத்தம். அப்புறம் எதையோ இழுக்கறாப்புல. மறுபடியும் சளப்பு."

"தவளையா இருக்கும்."

"தவள இழுத்துக்கிட்டா போவும்?"

அவர் துண்டைப் பிழிந்தார். தரையில் பால் போல வழிந்த தண்ணீர் வாசல் பக்கமாக ஓடி, ஓடின இடத்திலேயே உறைந்து நின்றது.

வெள்ளிக்கிழமை ஆறாவது வீட்டில் குறி இருந்தது.

சனிக்கிழமை பழமலை வேலைக்குப் போகவில்லை. தன் வாசலில் முக்காலி போட்டு, மடியில் துண்டோடு, வாசற்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மேஸ்திரி சொந்த வீட்டுக்கே வாட்ச்மேன் ஆகிவிட்டார் என்று தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். மழை கூரை ஓட்டில் ஒரே சீராகக் கொட்டியது. ஆற்றின் சத்தம் முன்பு கொல்லைக்கு அப்பால் கேட்டது, மத்தியானத்துக்கு மேல் கொல்லைக்குள்ளேயே கேட்டது. பகல் மூன்று மணிக்குக் கமலம் விளக்கு கேட்டாள். விளக்கைப் பற்றவைக்க அவர் எழுந்தபோதுதான் பட்டறைச் சங்கு ஊதியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று ஊதினால் மேலே ஏரி உடைந்துவிட்டது என்று பேச்சு.

"நான் போவல. மொதல்ல உன்னத் தூக்கிக்கிட்டுப் போயி வுட்டுட்டு..."

"நீங்களா? ஒத்த அரிசி மூட்டையத் தூக்கிட்டு ஒரு வாரம் பத்து போட்டுக்கிட்டுக் கெடந்தீங்க. போங்க. பீவிம்மா தனியா இருக்கும்."

"தங்கராசு வர்ற வரைக்கும்..."

"வருவான். போட்ட திட்டத்த நீங்களே மாத்துனா நாளைக்குத் தெருவு வாயில நான்ல வுழணும். போங்கன்றேன்."

வாசற்காலை இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர் ஓடியது. முனையில் தங்கராசுவும் ஆட்களும் கட்டில் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தங்கராசு, எங்க வூட்டுக்குப் போறப்ப..."

"சொல்லுங்கண்ணே."

குறி இருந்தாலும் உள்ளே போய்ப் பார் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். யார் குறி போடுகிறார்கள் என்று கேட்பார்கள். சொன்னால் போன வருஷம் வரும், அந்த வாசல் வரும், தான் ஒரு தடவை கூப்பிட்டது வரும். நாலு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாசப்படி வழுக்கும். பாத்துப் போங்க."

"இதுக்கா நின்னீங்க? அண்ணிய ராணியாட்டம் கொண்டாந்து எறக்கறோம், போங்க."

ஜைத்தூன் பீவி தயாராக, முக்காடு போட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தார். நாலு பேர் தோள் கொடுத்தார்கள். பழமலை பின் பக்க இடது கால். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. செருப்பு, விறகு, யாரோ வீட்டு அரிக்கன் விளக்கு எல்லாம் காலில் இடித்துக்கொண்டு போயின. மழைச் சத்தத்தில் பக்கத்தில் வருகிறவன் மூச்சுகூடக் கேட்கவில்லை.

"தம்பி."

"சொல்லுங்க பீவிம்மா."

"கட்டிலுக்கு நாலு பேருதான?"

"ஆமாங்க."

"அப்ப பின்னாடி கையால தண்ணிய அறைஞ்சிக்கிட்டு வர்றது யாரு?"

பழமலை திரும்பிப் பார்த்தார். பழுப்புத் தண்ணீர். மழை. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

ஜைத்தூன் பீவி தலையைச் சாய்த்துக் கேட்டார். "இப்ப நின்னுடுச்சு. இல்ல. திரும்புது. உங்க வூட்டுப் பக்கமா போவுது தம்பி."

தோளில் கட்டில் கால். அதை விட்டால் கட்டில் சாயும், கண் தெரியாத மனுஷி தண்ணீரில் விழுவார். மேடு இன்னும் இருநூறு அடி. பழமலை நடந்தார். ஒவ்வோர் அடியும் தன் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகப் போகிறது என்ற கணக்கு அந்த மேஸ்திரிக்கு நன்றாகவே தெரிந்தது.

சூளைக் கொட்டகையில் அனல் இதமாக இருந்தது. நனைந்த துணியும் வெந்த மண்ணும் ஆவி விட்டன. கட்டில்கள் வந்துகொண்டே இருந்தன. வந்தவர்களெல்லாம் வழியில் யார் வீட்டில் எது மிதந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழமலை வாசலிலேயே நின்றார். ஓடலாம். ஆனால் எதிரே தங்கராசு அணி வருவது தெரிந்தது, கட்டிலில் ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பு தெரிந்தது. நின்றார். கட்டிலை இறக்கினார்கள்.

அது ஆறாவது வீட்டுக் கிழவி.

"கமலம் எங்க?"

தங்கராசு தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தான். "என்னண்ணே கேக்கறீங்க? நீங்கதான தூக்கியாந்தீங்க?"

"நான் எங்கடா தூக்கியாந்தேன்?"

"கெழவி வூட்டுக்குப் போற வழியிலேயே பாத்தோமே. வாசல்ல குறி இருந்திச்சு. மனசு கேக்காம நீங்களே வந்து தூக்கிட்டீங்கன்னு நெனச்சோம். பரவால்ல, மேஸ்திரிக்கும் பாசம் இருக்குதுன்னு பேசிக்கிட்டே வந்தோம்."

"உள்ள பாத்தீங்களா?"

"குறி போட்டத எப்படிங்க தொறந்து பாக்கறது?" என்றான் தங்கராசு, நிஜமாகவே புரியாமல்.

பழமலை ஓடினார்.

சரிவில் இறங்கியதும் தண்ணீர் தொடைக்கு வந்தது. தெருவுக்குள் இடுப்புக்கு வந்தது. இருபுறமும் வீடுகள் கதவு திறந்து கிடந்தன. ஆள் இல்லை. நாய் இல்லை. சளப்பென்ற சத்தம் ஒன்று அவருக்கு முன்னால் போனது. நின்றார். அதுவும் நின்றது. நடந்தார். சளப்பு. இழுப்பு. சளப்பு.

போன வருஷம் அந்த வாசலில் இதே சத்தத்தை அவர் கேட்டார். ஒரு தடவை கூப்பிட்டதற்குப் பதில் வந்தது. இருட்டுக்குள்ளிருந்து உள்ளங்கைகள் தரையில் அறையும் சத்தம், நிதானமாக, ஒவ்வொன்றாக, வாசலை நோக்கி. கூடவே ஒரு குரலும். "வரேண்ணே. செத்த இருங்க." தண்ணீர் அப்போது கணுக்காலுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. அவர் இருக்கவில்லை. இதை அவர் கமலத்திடம்கூடச் சொன்னதில்லை. தெருவுக்கே தெரியாதது இது ஒன்றுதான்.

தன் வீட்டு வாசல்.

வாசற்காலில் எதுவும் தெரியவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டார். முழங்கால் உயரத்தில் தடவினார். இருந்தது. மூன்று விரல். மண் குழம்பு போல இல்லை. சூளையில் வெந்து மெருகேறிய ஜாடி போல வழவழவென்று, மரத்தோடு மரமாக இறுகி, வெதுவெதுப்பாக இருந்தது.

"கமலம்."

பதில் இல்லை.

இந்தத் தடவை உள்ளே போனார்.

முன்கூடத்தில் முக்காலி மிதந்தது. உள்ளறை. அவள் இருந்த ஜன்னலோரம் காலியாக இருந்தது. கமலம் இல்லை. கட்டில் இல்லை. பின்கதவு விரியத் திறந்திருந்தது. அதை அவர் காலையிலேயே தாழ் போட்டிருந்தார்.

பின்படிக்கு வந்து நின்றார். கொல்லை இல்லை. வேலி இல்லை. எல்லாம் ஆறு.

முப்பதடி தூரத்தில் கட்டில் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடிய திசைக்கு எதிராக. மிதக்கவில்லை. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, தோளில் வைத்துத் தூக்கினால் எந்த நிதானத்தில் போகுமோ அந்த நிதானத்தில். அதன் மேல் கமலம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவருடைய சால்வையைத் தலைக்குப் போட்டிருந்தாள்.

"கமலம்."

அவள் திரும்பினாள். முகத்தில் பயம் இல்லை. கோயிலுக்குப் புறப்பட்டுப் போகிற முகம்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? ஆளுங்கதான் வந்துட்டாங்களே."

"யாரு? யாரு வந்தது?"

சரியாகக் கேட்காதது போல அவள் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு கட்டில் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து, கீழே தண்ணீரைப் பார்த்து ஏதோ கேட்டாள். காத்திருந்தாள். தலையாட்டினாள்.

"போவ வேண்டிய எடம் தெரியுமாம்" என்றாள். "நீங்க போயி மத்தவங்களப் பாருங்க."

அந்த இடத்தில் ஆறு இரண்டு ஆள் ஆழம். கட்டிலைச் சுற்றி ஒரு தலைகூட இல்லை. சட்டத்தைக் கீழிருந்து பற்றியிருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன, நாலு பக்கமும், நெருக்கமாக. காத்தவராயன் ஒருவனுடையவை மட்டுமல்ல. அந்த ஆறு எத்தனை வருஷமாக எத்தனை பேரை வைத்துக்கொண்டிருந்ததோ, அத்தனையும்.

அவர் படியிலிருந்து காலை எடுத்து வைத்தார். அடியில் தரை இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

நடு ஆற்றில் கட்டில் ஒரு கணம் நின்றது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. தோள் மாற்றிக்கொண்டார்கள். பிறகு மறுபடி நடக்கத் தொடங்கினார்கள்.